முத்து முகம்மது வரைந்த விரபின்

விரபின் என்பது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், கடலை விட்டு ஆறு மணி நேரம் காரில் போனால் வருகிற சின்ன ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இருக்கிறார்கள். கோதுமை விளைகிறது, ஆடு வளர்க்கிறார்கள். அந்த ஊரின் கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிக்கக்கூடிய ஆள் பர்மாவின் யாங்கோன் நகரத்தில் ஒரே ஒருவர்தான். பபேடான் பேட்டையில், என் கடை வாசலில் தட்டச்சு மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முத்து முகம்மது பாய். அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதுமில்லை.

என் பெயர் விநாயகமூர்த்தி. நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் மித்தூக் கடை என்பார்கள். என் தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் போட வந்தவர். நான் கண்ணாடிமேல் காகிதம் போடுகிறேன், அவ்வளவுதான் எங்கள் குடும்ப முன்னேற்றம். எனக்கு முன்கோபம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஈரக்கையோடு நீட்டுகிறவர்கள், பென்சிலில் எழுதிக்கொண்டு வந்து நகல் சரியாக விழவில்லை என்று என்னைக் குறை சொல்கிறவர்கள், இவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பேனாவால் எழுதிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவேன். பாய் இதற்கு நேர் எதிர். யார் வந்தாலும் முக்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க, நிதானமா சொல்லுங்க என்பார். பர்மியர்கள் அவரை ஊலே, அதாவது மாமா என்று கூப்பிடுவார்கள். காகிதத்தில் அவர் பெயர் ஊ தின் மாங். வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும்தான் முத்து முகம்மது.

மனு எழுதுவது அவர் தொழில். பிறப்புப் பதிவு, பெயர் மாற்றம், குடும்பப் பட்டியலில் ஆள் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அடையாள அட்டை. எங்கள் ஆட்களுக்கு அந்த அட்டை லேசில் கிடைக்காது. பாட்டன் எந்த வருஷம் கப்பலில் வந்தான், எந்தத் தெருவில் குடியிருந்தான், அப்பன் எந்தப் பள்ளியில் படித்தான் என்று மூன்று தலைமுறைக்குக் காகிதம் காட்ட வேண்டும். நீ வேற்றாள் இல்லை, இந்த மண்ணை உனக்குத் தெரியும், அதை நிரூபி என்பதுதான் இங்கே எல்லாப் படிவத்துக்கும் அர்த்தம். அதற்குப் பாய் ஒரு முறை வைத்திருந்தார். கேட்டதற்கு மேல் கொடுப்பது. பள்ளிச் சான்றிதழ் கேட்டால் அதோடு அந்தப் பள்ளிக்கூடத்தின் கதை, வாத்தியார்களின் பெயர், வாசலில் இருந்த மரம் வரைக்கும் எழுதி இணைத்துவிடுவார்.

“கட்டு கனமா இருந்தா அதிகாரிக்குத் தூக்கிப் போட மனசு வராது மூர்த்தி” என்பார்.

நாற்பது வருஷமாக அது பலித்தது. நூற்றுக்கணக்கான பேர் அந்தக் கனத்தால் அட்டை வாங்கியிருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

அவருக்கு ஒரே மகள், ஸமீரா. பள்ளி விடுமுறையில் என் கடையில்தான் கிடப்பாள். பக்கங்களைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பாள். ஒரு தாள் கோணலாக விழுந்தாலும், “மூர்த்தி மாமா, இதைக் குடுத்தா உங்களுக்குத்தான் கேவலம், திரும்பப் போடுங்க” என்று என்னையே அதட்டுவாள். என்னை அதட்டிவிட்டு என் கடையில் நின்றவள் அவள் ஒருத்திதான். எட்டு வருஷத்துக்கு முன் யாசரைக் கட்டிக்கொண்டு விரபினுக்குப் போனாள். யாசர் எங்கள் தெருப் பையன். விரபினில் ஓர் ஆட்டிறைச்சி ஆலை இருக்கிறது. அங்கிருந்து அரபு நாடுகளுக்கு இறைச்சி போவதால், பிஸ்மி சொல்லி அறுக்க முஸ்லிம்கள் வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்த நாற்பது பேரில் யாசர் ஒருவன்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் பாய் ஒரு நீள நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் விரபின் என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

“எதுக்கு பாய் இது?” என்றேன்.

“பொண்ணைக் குடுத்த ஊரு எப்படின்னு தெரிய வேணாமா? பக்கத்து ஊர்ல குடுத்திருந்தா நாலு தரம் போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன். இது எங்கேயோ கிடக்கு. உக்காந்த இடத்துலேருந்துதான் பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மகளைக் கூப்பிடுவார். மற்ற அப்பன்கள் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார்கள். இவர் ஓடையில் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். ஸமீரா சிரித்துக்கொண்டே போனைக் கையில் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்து காட்டுவாள். ஊர் வரலாற்றுச் சங்கம் போட்ட அறுபத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்றையும் படமெடுத்து அனுப்பினாள். அதை நான்தான் காகிதத்தில் இறக்கிக் கொடுத்தேன். மத்தியானத்தில் ஆள் வராத நேரம் பார்த்து, பாய் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். படித்ததை எனக்குச் சொல்வார். நான் கேட்டேனா இல்லையா என்பது வேறு விஷயம்.

“முதல்ல அங்க ஆதிக்குடி ஜனங்க இருந்தாங்க மூர்த்தி. பிறகு வெள்ளைக்காரன் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தான். அந்த ஜனங்க என்ன ஆனாங்கன்னு நாலு வரியில முடிச்சுட்டான்.”

“நாப்பத்திரண்டுல ஜப்பான்காரன் வந்தப்ப நம்ம ஆளுங்க இங்கேருந்து இந்தியாவுக்கு நடந்தே செத்தாங்களே, அதுக்கு இங்க எத்தனை வரி இருக்கு?” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு வருஷத்தில் அந்த ஊர் எனக்கே பாடமாகிவிட்டது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில் கோதுமை ஏற்ற ரயில் வந்தது. பெரிய தெருவை நூறு அடி அகலத்துக்கு விட்டார்கள், பன்னிரண்டு காளை பூட்டிய வண்டி ஒரே வளைப்பில் திரும்ப வேண்டும் என்பதற்காக. ஐம்பத்தாறில் ஓடை பெருகி, ஹோட்டல் சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை ஏறியது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். எழுபத்து நாலில் பயணிகள் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் இருக்கிறது, கோதுமை வண்டி மட்டும் போகிறது. ஊருக்கு வடக்கே ஒரு மேடு. அதற்கு மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஷ்வேடகோன் பகோடா நிற்கிற குன்று அளவுகூடத் தேறாது என்று பாய் சொல்லிச் சிரிப்பார். ஆனால் யாராவது விரபினைக் கேலி செய்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும், சம்பந்தி வீட்டைக் குறை சொன்ன மாதிரி.

போன வருஷம் மார்ச் மாதம் ஸமீராவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தார்கள். அறுத்த இடத்தை அப்படியே தைத்துவிட்டார்கள். ஆறு மாதம் இருப்பாள் என்று யாசரிடம் சொல்லியிருக்கிறார்கள். விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரும் நிலையில் அவள் இல்லை. முப்பத்தைந்து வயது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. படுத்தபடியே பேசினாள்.

“அத்தா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. நான் இருக்கும்போதே வாங்க.”

அத்தாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போவதற்காக எடுத்தது. அம்மா கமருன்னிசாவுக்கு இல்லை, அவர் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததால் இழுத்துக்கொண்டே கிடந்தது. ஊருக்கெல்லாம் காகிதம் சரிசெய்து கொடுத்தவர் சொந்த வீட்டுக் காகிதத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஆகவே அவர் மட்டும் போவது என்று முடிவானது. மகள் கண்ணை மூடுவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். மூன்று மாத விசா போதும்.

படிவத்தை நிரப்ப அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதோடு விடுவாரா? நாற்பது வருஷப் பழக்கம். நீள நோட்டைத் திறந்தார். விரபினின் வரலாறும் நிலவியலும் என்று தலைப்புப் போட்டு, ஆங்கிலத்தில் பதின்மூன்று பக்கம் தட்டச்சு செய்தார். ஓடை எந்த மாதம் ஓடும், மண் என்ன நிறம், சர்ச்சுகள் எத்தனை, கிளினிக் எந்த நாள் திறக்கும், பள்ளியில் எத்தனை பிள்ளைகள், தொழுகைக்கு எந்தக் கூடத்தில் கூடுகிறார்கள், அடக்கம் செய்யும் கபுருஸ்தான் எவ்வளவு தூரம், எல்லாம். பதினாலாவது பக்கமாக அவரே ஒரு வரைபடம் வரைந்தார், ஸ்கேல் வைத்து, கறுப்பு மையில். ஒவ்வொரு தெருவுக்கும் பெயர் எழுதினார்.

“இவ்வளவு தெரிஞ்ச ஆளை வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு வாய் வருமா மூர்த்தி?”

அதோடு ஒரு புகைப்படமும் வேண்டும் என்றார். விரபின் மணிக்கூண்டுக் கல்லில், போரில் செத்தவர்களின் பெயர் வரிசையில் ஒருவனுக்கு நேரே பர்மா என்று போட்டிருக்கிறது. பேக்கரிக்காரர் மகன், விமானப்படை, இருபத்திரண்டு வயது. அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. பாய் விசாரித்துப் பார்த்ததில் அவன் கல்லறை விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனுக்கும் அப்பால், தௌக்கியான் போர்க் கல்லறையில் இருப்பது தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமருன்னிசாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ்ஸில் போனோம். வெயில் தீயாக இருந்தது. வரிசை வரிசையாகத் தேடிக் கண்டுபிடித்தோம். பாய் அதன் பக்கத்தில் நிற்க, நான் படமெடுத்தேன். உங்கள் ஊர்ப் பிள்ளையை எங்கள் ஊர் வைத்துக் காப்பாற்றுகிறது என்று படத்துக்குக் கீழே எழுதப் போவதாகச் சொன்னார்.

கமருன்னிசா அந்தக் கல்லின்மேல் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டார்.

“இந்தப் பையனோட அம்மா வந்து பாத்துச்சா?”

“தெரியலை” என்றார் பாய்.

பொய். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் இறக்கியவன் நான். அந்த அம்மா இருபது வருஷம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்துவிட்டு, விரபினை விட்டு எங்கும் போகாமல் செத்துப்போனாள்.

பபேடானில் விசா வேலை பார்க்கும் இக்பால் கட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஊலே, இதெல்லாம் வேணாம். மகளுக்கு முடியலை, பாத்துட்டுத் திரும்பிருவேன், இங்க வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா. ஒரு பக்கம் போதும்” என்றான். பாய் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. “இவன் நேத்துப் பொறந்தவன் பாய். உங்க கட்டுலதான் எனக்கே அட்டை வந்துச்சு. வைங்க” என்றேன். பதினாலு பக்கத்தையும் படத்தையும் நானே இரண்டு பிரதி எடுத்தேன். ஒரு தாள்கூடக் கோணலாக விழவில்லை.

பதில் ஜூன் மாதம் வந்தது. பாய்க்கு மின்னஞ்சல் எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டரில்தான். அன்று மழை. அவர் கடைக்கு வரவில்லை. நான்தான் முதலில் படித்தேன். நாலு காரணம் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது காரணத்தை மூன்று தடவை படித்தேன். சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு வேண்டியதைவிட அதிகமாக விண்ணப்பதாரருக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்கிறது. மருத்துவ வசதி, தொழுகை இடம், அடக்க இடம் வரை விசாரித்து வைத்திருக்கிறார். ஆகவே அவர் அங்கேயே தங்கிவிடுவார், திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லை. இதுதான் சாரம்.

அந்த அதிகாரியைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் திட்டினேன். பிறகு யோசித்தால் அவன்மேல் என்ன தப்பு? இங்கே இந்த மண்ணை எனக்குத் தெரியும் என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே தெரியாது என்று நிரூபித்தால்தான் விடுவார்கள் போலிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியவில்லை. தெரிந்து சொன்ன ஒருவனையும் நான் வாயை மூட வைத்துவிட்டேன்.

கடிதத்தை அச்செடுத்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி. எங்கள் ஊரில் எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். முனையில் கிளிப், மேலே மணி. பால்காரன், பேப்பர்காரன் எல்லாம் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். நான் படியேறிப் போய் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். முப்பது வருஷச் சிநேகிதம். ஆனால் படியில் கால் வைக்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கடிதத்தைக் கிளிப்பில் மாட்டினேன். கயிற்றை இழுத்தேன். உறை மழையில் ஆடிக்கொண்டே மேலே போனது. மேலே கையை மட்டும் பார்த்தேன். பிறகு கோழை மாதிரி வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இக்பாலைக் கூப்பிடு மூர்த்தி. அவன் சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதுவோம்” என்றார். எழுதினோம். எனக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, மகளை மட்டும் பார்க்க வேண்டும், திரும்பி வந்துவிடுவேன். அந்த ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்ய அவருக்கு ஒரு நாள் பூராவும் ஆனது.

வெள்ளிக்கிழமைகளில் ஸமீராவின் குரல் குறைந்துகொண்டே வந்தது. “வர்றீங்களா அத்தா?” என்பாள். “வர்றேன்த்தா, காகிதம் ஓடிக்கிட்டு இருக்கு” என்பார். ஜூலை கடைசியில் அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். அதுதான் பாயை அதிகம் வாட்டியது. “கேக்க மாட்டேங்குறா மூர்த்தி. அவளுக்குப் புரிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு மேலே துண்டைப் போட்டு மூடினார்.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஸமீரா போய்விட்டாள். இரண்டாவது விண்ணப்பத்துக்கு அன்று வரை பதில் வரவில்லை.

மறுநாள் லுஹர் என்கிற நடுப்பகல் தொழுகைக்குப் பிறகு அங்கே அடக்கம். இங்கே காலை பத்து மணி. யாசருடைய கூட்டாளி ஒருவன் போனில் காட்டுவதாக ஏற்பாடு. இந்த முறை நான் படியேறிப் போனேன். உள்ளறையில் தெருப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் பாய் தரையில் விரித்த கோரையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கமருன்னிசா. நான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தி வைத்தேன். அவர்கள் தொழுகைக்குக் கூடும் பழைய சர்ச்சுக் கூடம் தெரிந்தது. நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். தொழுகை முடிந்தது. வெள்ளைத் துணி போர்த்திய அவளைத் தூக்கி ஒரு நீள வண்டிக்குள் வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அப்போது எங்கள் மின்விசிறி நின்றது. வண்டியின் பின்பக்கம் போனில் அப்படியே உறைந்து நின்றது.

“என்னங்க, ஏன் நின்னுருச்சு?” என்றார் கமருன்னிசா.

“மீ போயிருச்சும்மா” என்றேன். கரண்டை இங்கே மீ என்போம். தினமும் போகிறதுதான். கரண்டு போனால் கூடவே போன் கோபுரமும் போய்விடும். என் போனில் முயன்றேன், பக்கத்து வீட்டுப் போனில் முயன்றேன். ஒன்றிலும் இழுக்கவில்லை. படம் கறுத்துப்போனது. கமருன்னிசா அந்தக் கறுத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வண்டி கிளம்பியிருக்கும்” என்றார். “கூடத்து வாசல்லேருந்து வலது கைப்பக்கம் திரும்பும். அது ரயில்வே தெரு. ரெண்டு பக்கமும் மிளகு மரம்னு ஒண்ணு, கொப்பெல்லாம் தரை வரைக்கும் தொங்கும். அது முடிஞ்சா பெரிய தெரு.”

“காளை வண்டி திரும்புறதுக்கு அகலமா விட்டதுன்னு சொல்வீங்களே.”

“அதுதான். இடது கைப்பக்கம் ஹோட்டல். சுவத்துல தண்ணி ஏறின கறை இருக்கும். அதுக்கு எதிர்ல பேக்கரி. ஜனங்க வெளில வந்து நிப்பாங்க. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க.”

தொப்பியைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லை. அது அவராகச் சேர்த்தது. மனைவிக்காகச் சேர்த்தாரா, தனக்காகவா, தெரியாது.

“மெதுவாத்தானே போவாங்க?”

“மெதுவாத்தான். இப்ப மணிக்கூண்டு தாண்டியாச்சு. முன்னால தண்டவாளம் வருது. ஏறி இறங்கும்போது வண்டி ஒருக்கா குலுங்கும்.”

“பதறாம பாத்துப் போகச் சொல்லுங்க” என்றார் கமருன்னிசா. “அவளுக்கு வயித்துல தையல் இருக்கு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளறையில் ஓதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாய் வண்டியைத் தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டுத்தான் தொடர்ந்தார்.

“தாண்டிட்டாங்க. கோதுமைக் குதிரு ரெண்டு, ஆறு மாடி உயரம். அதுக்கப்புறம் பாலம். இப்ப ஆகஸ்டு, ஓடையில தண்ணி ஓடும். பாலம் தாண்டினா தார் ரோடு முடிஞ்சிரும். செம்மண் பாதை. ஒண்ணரை மைல். ரெண்டு பக்கமும் கோதுமை, இப்ப முழங்கால் உயரம் பச்சையா நிக்கும். அதோ, வந்துட்டாங்க. பச்சை இரும்புக் கதவு. திறந்து வச்சிருப்பாங்க. வண்டி உள்ள போகுது.”

நிறுத்தினார்.

“உள்ள எந்தப் பக்கம்?” என்றார் கமருன்னிசா.

பாய் கையை விரித்துப் பார்த்தார், உள்ளங்கையில் எழுதியிருக்கிற மாதிரி.

“அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. கதவு வரைக்கும்தான் தெரியும்.”

“எல்லாம் தெரியும்னு பதினாலு பக்கம் எழுதுனீங்களே.”

கமருன்னிசா கோபத்தில் சொல்லவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. முப்பது வருஷத்தில் அவர் கணவரை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதினாலு பக்கத்தை வைங்க என்று சொன்னவன் இதோ நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதுவும் கயிற்றில் மாட்டிவிட்டு ஓடிவந்த அதே புத்திதான்.

பிறகு கமருன்னிசாவே கேட்டார். “எந்தப் பக்கமா இருந்தாலும், மேற்கே பாத்துத்தானே வச்சிருப்பாங்க?”

“ஆமா. அங்கேயும் கிப்லா மேற்குத்தான். இங்க மாதிரியே.”

கமருன்னிசா உட்கார்ந்த இடத்திலேயே மேற்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அழுதார். வீடே கேட்கும்படி அழுதார்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து பாய் கடைக்கு வந்தார். மெஷினைத் திறக்கவில்லை. கையில் அந்த வரைபடம், பதினாலாம் பக்கம், மூலப் பிரதி. யாசர் அனுப்பிய படங்களைப் பார்த்து, கதவிலிருந்து எத்தனை அடி, வேலியிலிருந்து எத்தனை அடி என்று கேட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து இடம் குறித்திருக்கிறார். பச்சைக் கதவுக்கு உள்ளே, மேற்கு ஓரத்தில், வேப்பங்கொட்டை அளவு ஒரு சின்னக் கட்டம்.

“இதுல ஒரு மித்தூ போட்டுக் குடு மூர்த்தி. கமருன்னிசா தலையணைக்குக் கீழ வச்சுக்கணும்னு கேக்குறா.”

கண்ணாடிமேல் வைத்து எடுத்தேன். தெருக்கள் விழுந்தன, ஓடை விழுந்தது, தண்டவாளம், குதிர், பாலம், கதவு எல்லாம் கறுப்பாகப் பளிச்சென்று விழுந்தன. கட்டம் மட்டும் விழவில்லை. வெள்ளையாக இருந்தது. அந்த ஒன்றை அவர் பென்சிலில் போட்டிருந்தார், அழுத்தாமல், தொட்டும் தொடாமலும்.

இன்னொரு தடவை எடுத்தேன். மையைக் கூட்டி எடுத்தேன். விழவில்லை. பேனாவால் போட்டுக்கொண்டு வாங்க என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தெருவைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கோணலாகப் போய்விடக் கூடாது என்று கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, ஸமீராவின் கட்டத்தை நாலு பக்கமும் மையால் நானே வரைந்தேன்.